தோல் என்னும் காவல் அரண்

மனித உடலைப் போர்த்தியிருக்கும் தோலை வெறும் போர்வை எனக் கருதுதல் பொருந்தாது. அது விழித்திருக்கும் காவலரைக் கொண்டதோர் அரண். 1868ஆம் ஆண்டில் பெர்லினில் மருத்துவம் பயின்ற பால் லாங்கர்ஹான்ஸ் என்னும் மாணவர், மேல்தோலில் கிளைவிரித்து நிற்கும் சில உயிரணுக்களைக் கண்டு, அவற்றை நரம்பணுக்கள் என எண்ணினார். அவை நோய் எதிர்ப்புப் படையின் ஒற்றர்கள் என்பது ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின்னரே தெளிவாயிற்று. தோலுள் நுழையும் கிருமியின் கூறுகளைப் பற்றி, நிணநீர் முடிச்சுக்குக் கொண்டுசென்று, 'டி' உயிரணுக்களுக்கு அடையாளம் காட்டுவதே அவற்றின் பணி.

கிருமியைப் பகையெனக் கொள்ளும் இப்படை, பிறர் ஈந்த சிறுநீரகத்தையும் அயலதெனக் கண்டு தாக்கும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1971இல் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை வெற்றி கண்ட நாளில், இத்தாக்குதலை அடக்க அசத்தயோபிரினும் ஸ்டீராய்டுமே துணை நின்றன. நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த பூஞ்சையிலிருந்து பெற்ற சைக்ளோஸ்போரின் 1980களில் பரவலாயிற்று. ஜப்பானிய மண்ணின் நுண்ணுயிரியிலிருந்து கிடைத்த டாக்ரோலிமஸ் அதனைத் தொடர்ந்தது. இவ்விரண்டும் 'டி' உயிரணு பெருகுதற்கு ஆணையாகிய இன்டர்லூக்கின்-2 உருவாகாமல் தடுக்கின்றன. ஸ்டீராய்டோ ஒற்றர்களின் எண்ணிக்கையையே குறைக்கிறது.

உறுப்பைக் காக்கும் மருந்தே தோலின் காவலைத் தளர்த்துவது இவ்வாறுதான். வெண்ணிறத் தோலினரிடம் இதன் கொடிய விளைவு தோல் புற்றுநோயாகும். நம் நாட்டவர்க்கு மெலனின் என்னும் நிறமி ஓரளவு காப்பளிப்பதால் அது அரிது. தேமல், படர்தாமரை, மரு, அக்கி முதலியனவே மிகுதி. எனினும் வெயிலும் ஒற்றர்களைக் குறைக்கும். அசத்தயோபிரின் உண்போர் தோல், புற ஊதாக் கதிரால் எளிதில் ஊறுபடும்.

வியாசர்பாடி போன்ற உழைப்பாளர் பகுதிகளில் இவ்வறிவு மிகவும் தேவை. அண்மையிலுள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மாற்றுறுப்புப் பெற்றுத் திரும்பும் ஒருவர், வெயிலில் மீன்பாடி வண்டி மிதிக்கவும், மழை நாளில் தெருவில் தேங்கிய நீரில் நடக்கவும் நேரலாம். பிறர்க்குச் சில நாளில் ஆறும் சேற்றுப்புண், அவர்க்குக் காய்ச்சலாய் முற்றக்கூடும்.

அத்தகையோர் செய்யத்தக்கது யாது? தோல் நோய்க்கு அஞ்சி மருந்தைத் தாமே நிறுத்தலாகாது. நிறுத்தினால் பெற்ற உறுப்பே அழியும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அது படர்தாமரையை மறைத்து வளர்க்கும். பூஞ்சைக்கான சில மாத்திரைகள் டாக்ரோலிமஸின் அளவை இரத்தத்தில் உயர்த்திச் சிறுநீரகத்தையே வாட்டும். ஆதலின் எம்மருந்தையும் மாற்றுறுப்பு மருத்துவரிடம் வினவிய பின்னரே உட்கொள்ளல் வேண்டும். வெயிலில் முழுக்கைச் சட்டையும் தலைத்துணியும் அணிக. கால்விரல் இடுக்குகளை ஈரமின்றித் துடைத்திடுக. ஆறாத புண்ணையும் வளரும் முடிச்சையும் காலம் தாழ்த்தாது காட்டுக.

ஒருவர் ஈந்த உறுப்பு மற்றொருவர் உடலில் நிலைபெறுவது பெரும்பேறு. அரணின் காவல் தளர்ந்தவிடத்து, அவ்வுடலுக்குரியவரும் அவர்தம் இல்லத்தாருமே காவலராய் நிற்றல் வேண்டும்.