கடைத்தெரு தானே விதித்துக்கொள்ளும் வரி

ஒரு கடைத்தெருவின் வியாபாரிகள் தங்களுக்குள் வாக்கெடுத்து, தங்கள் மீதே மேலதிக வரியொன்றைப் போட்டுக்கொண்டு, அந்தப் பணத்தை அந்தத் தெருவுக்கே செலவிடும் ஏற்பாடுதான் வணிக மேம்பாட்டு வலயம். வரியை உள்ளூராட்சி சபை அறவிட்டுக் கொடுக்கும். எதற்குச் செலவிடுவது என்பதை வியாபாரிகளின் நிருவாக சபை தீர்மானிக்கும். நன்கொடைக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. வாக்கெடுப்பு நிறைவேறிவிட்டால், எதிர்த்து வாக்களித்தவரும் கட்டியே ஆகவேண்டும்.

இது பிறந்த இடம் கனடாவின் ரொறன்ரோ நகரம். 1960களில் புளோர் வீதியின் கீழே சுரங்க ரயில் ஓடத் தொடங்கியதும், வீதியில் இறங்கிக் கடைகளைப் பார்த்துக்கொண்டு நடந்த கூட்டம் நிலத்துக்கடியில் போய்விட்டது. புறநகரில் எழுந்த பெரும் அங்காடி வளாகங்கள் மீதியை இழுத்துக்கொண்டன. மேற்கு புளோர் கடைக்காரர் சேர்ந்து செலவழிக்க விரும்பினார்கள். ஆனால் தாமாகக் கொடுப்பவர் சிலர், பயன் பெறுபவர் எல்லாரும் என்றே நிலைமை இருந்தது. விளக்குப் போட்டால் பணம் கட்டாதவர் கடை வாசலிலும் வெளிச்சம் விழும். இந்தச் சிக்கலைத் தீர்க்க ஒன்ராறியோ மாகாணம் சட்டம் இயற்றியது. 1970இல் உலகின் முதல் வலயம் அங்கே அமைந்தது. பூந்தொட்டி, இருக்கை, மரங்களில் விளக்கு என்று தொடங்கிய அந்த முயற்சியைப் பின்பற்றி இன்று ரொறன்ரோவில் மட்டும் 80க்கும் மேற்பட்ட வலயங்கள் இயங்குகின்றன.

இங்கிலாந்து இதற்கு 2003ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டத்தில் இடம் கொடுத்தது. முதல் வலயம் 2005இல் லண்டனின் கிங்ஸ்டனில் தொடங்கியது. அங்குள்ள வாக்கெடுப்பு முறை கவனிக்கத் தக்கது. வாக்களித்தவர்களில் பெரும்பான்மையோர் ஆம் என்றால் மட்டும் போதாது. ஆம் என்றவர்களின் கட்டட மதிப்பீட்டுத் தொகையும், வாக்களித்த எல்லாருடைய மதிப்பீட்டில் பாதிக்கு மேல் வரவேண்டும். நூறு சின்னக் கடைகள் சேர்ந்து ஒரு பெரிய கடையின் தலையில் சுமையைக் கட்டவும் முடியாது, நாலு பெரிய கடைகள் சேர்ந்து சின்னவர்களை அமுக்கவும் முடியாது. வரி பெரும்பாலும் அந்த மதிப்பீட்டில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு வீதம். மிகச் சிறிய கடைகளுக்கு விலக்களிக்கும் வலயங்கள் பல. கூடியது ஐந்து ஆண்டுகள்தான் ஆயுள். அதன்பின் மறுபடியும் வாக்குக் கேட்கவேண்டும். காசு எங்கே போனது என்று சொல்ல முடியாத நிருவாகம் அந்த இரண்டாம் வாக்கெடுப்பைத் தாண்டுவது கடினம்.

உள்ளூராட்சி சபை ஏற்கெனவே செய்துவரும் துப்புரவு, விளக்கு வேலைகளின் அளவை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வதும் வழக்கம். இல்லாவிட்டால் வியாபாரிகள் புதிதாகக் கூட்டத் தொடங்கிய நாளில் சபை தன் துடைப்பத்தைக் கீழே வைத்துவிடும். வலயம் செய்யும் வேலை சபையின் வேலைக்கு மேலதிகமாக இருக்கவேண்டும்.

இதற்குக் குறைகளும் உண்டு. நியூயோர்க்கில் வரி கட்டுபவர் கட்டட உரிமையாளர். அவர் அதைப் பெரும்பாலும் வாடகையில் ஏற்றிவிடுகிறார். வலயம் வந்த பிறகு தெரு அழகாகி, வாடகை ஏறி, பழைய கடைக்காரர் வெளியேற நேர்கிறது என்பது பல நகரங்களில் எழும் முறைப்பாடு. நடைபாதை வியாபாரிக்குக் கட்டடம் இல்லை, அதனால் வாக்கும் இல்லை. ஆனால் தெருவை ஒழுங்குபடுத்தத் தொடங்கினால் முதலில் எழுப்பப்படுபவர் அவரே. இந்த ஏற்பாட்டின் மிகப் பெரிய குறை இதுதான்.

சரக்கின் மீது வணிகர் தாமே போட்டுக்கொண்ட தண்டல் தமிழ் வணிகத்துக்குப் பழக்கமானதே. 13ஆம் நூற்றாண்டின் பிரான்மலைக் கல்வெட்டில் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் முதலான வணிகக் குழுக்கள் உப்பு, மிளகு, பாக்கு போன்ற சரக்குகளுக்கு இவ்வளவு என்று விதித்துக் கோயிலுக்கு விட்ட செய்தி இருக்கிறது. பிற்காலத்தில் இதுவே மகமை. விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில் நாடார் வணிகர் வாங்கி விற்கும் சரக்கின் மீது மகமை எடுத்து, உறவின்முறை என்னும் சமூக அமைப்பின் பொறுப்பில் பேட்டைகளையும் கிணறுகளையும் பள்ளிகளையும் நடத்தினார்கள். காமராஜர் படித்த விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை அப்படி ஊர்ப் பணத்தில் எழுந்த பள்ளி. மகமையைக் கட்டாயமாக்கியது சட்டமல்ல, உறவின்முறையின் கட்டுப்பாடு. அதன் பலம் அதுவே, எல்லையும் அதுவே. அந்த உறவுக்கு வெளியே இருந்த கடைக்காரரை அது கட்டுப்படுத்தவில்லை, அவரைக் கேட்கவுமில்லை.

இலங்கையின் மன்னார்த் தீவுக்குத் தென்கிழக்கே பெருநிலக் கரையில் உள்ள வங்காலையில் இந்த ஏற்பாடு எப்படிப் பொருந்தும்? புனித ஆனாள் ஆலயத்தைச் சுற்றி வளர்ந்த கத்தோலிக்க மீன்பிடி ஊர் இது. நானாட்டான் பிரதேச சபைக்கு உட்பட்டது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் சோலைவரி, வியாபார உரிமக் கட்டணம், சந்தை வருமானம் ஆகியவற்றைச் சபைக்குத் தருகிறது. வியாபாரிகள் வாக்கெடுத்துத் தங்கள் இடத்துக்கென்று வரி போட்டுக்கொள்ளும் வழி அதில் இல்லை. கட்டிய உரிமக் கட்டணம் சபையின் பொது நிதியில் சேர்ந்துவிடும்.

வங்காலை போன்ற ஊரில் வலயத்துக்கு மிக அருகில் நிற்பது கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம். வடக்கின் கரையோரத்தில் இத்தகைய சங்கங்கள் மீன் விற்பனையிலிருந்து சிறு வீதத்தைக் கழித்துக்கொண்டு, அதிலிருந்து உறுப்பினர் சேமிப்பையும் கடனையும் பொதுத் தேவைகளையும் பார்க்கின்றன. 1972ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின்கீழ் கணக்காய்வும் பொதுக்கூட்டமும் உண்டு. ஆனால் சங்கத்தில் சேராதவரைச் சங்கம் கேட்க முடியாது. அவர் வள்ளமும் அதே கரையில்தான் ஏறும், அவர் மீனும் அதே வெளிச்சத்தில்தான் விலைபோகும். புளோர் வீதிக்காரர் பட்ட பாடு இதுவே.

ஆகவே இங்கே வலயம் அமைப்பதானால் வாக்கின் அடிப்படையைத்தான் முதலில் மாற்றவேண்டும். கட்டட மதிப்பீட்டை வைத்து வாக்குக் கொடுத்தால், வீதியோரக் கடைக்காரர் ஊரின் தொழிலை முடிவு செய்வார். படகு உரிமையாளரான சம்மாட்டியும் அவரிடம் தொழில் செய்பவரும் கருவாடு காயவைக்கும் பெண்ணும் வெளியே நிற்பார்கள். 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் நீரியல் வளச் சட்டத்தின்கீழ் படகுகள் பதியப்படுகின்றன. வாக்காளர் பட்டியலுக்கு அந்தப் பதிவு நல்ல தொடக்கம். அதோடு மீன் வாங்குபவர், ஐஸ் விற்பவர், கருவாட்டுத் தொழில் செய்பவர் எல்லாரையும் சேர்க்கவேண்டும். 2010இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட 4,839 ஹெக்டேர் வங்காலைப் பறவைகள் சரணாலயம் பக்கத்திலேயே இருப்பதால், கரையில் சேரும் வலைத்துண்டையும் பிளாஸ்டிக்கையும் அகற்றுவது இப்படிச் சேரும் நிதியின் முதல் வேலைகளில் ஒன்றாக இருப்பது நியாயம்.

அறவிடும் முறையிலும் கடல் வேறு கணக்குக் கேட்கும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் மன்னாரின் தென்கரையில் தொழில் குறையும்; ஆண்டுக்கு இவ்வளவு என்று கட்டட வரிபோல் விதித்தால் வெறுங்கையோடு திரும்பியவரும் கட்டவேண்டி வரும். விற்பனையில் வீதம் எடுத்த மகமை முறையே இங்கே பொருத்தம். அதற்கு ஏலம் கூறும் இடத்தில் ஒவ்வொரு விற்பனையும் எழுதப்படவேண்டும், பணம் கட்டியவர் யாரும் அந்தப் பதிவைப் புரட்டிப் பார்க்கும்படி இருக்கவேண்டும், ஐந்தாவது ஆண்டில் வேண்டாம் என்று சொல்லும் வாக்கும் அவர்கள் கையில் இருக்கவேண்டும்.