நரிவால் செடியும் நம் இல்லங்களும்

ஓசூர்த் தொழிற்பேட்டையைச் சூழ்ந்த குடியிருப்புகளில் இல்லங்களைச் சந்திக்கச் செல்லும்போதெல்லாம் நம் கண்ணில் தவறாது படும் காட்சி ஒன்றுண்டு. வீடு சிறியது, ஒரு கூடம், ஓர் அறை, ஒரு சமையற்கட்டு. சாளரத்தைத் திறந்தால் எதிரே அடுத்த வீட்டுச் சுவர். ஊரில் கொல்லையும் கிணற்றடியுமாக வாழ்ந்த குடும்பம், ஆலைப் பணியின் பொருட்டு இங்கு வந்து மூன்றாம் மாடியில் குடியேறியிருக்கும். ஆயினும் மாடிப்படித் திருப்பத்தில் நாலைந்து தொட்டிகள் இல்லாமல் இரா. மண்ணை விட்டு வந்தவர்கள் ஒரு தொட்டி மண்ணையேனும் அருகில் வைத்துக்கொள்ள விழைவது இயல்பேயன்றோ!

அத்தகைய இல்லம் ஒன்றில் ஓர் அன்னையார் வாடிய முகத்துடன் ஒரு தொட்டியைக் காட்டினார். "சாமி, ஒரு நாள்கூட இதைக் காய விட்டதில்லை. காலையிலும் மாலையிலும் தண்ணீர் ஊற்றினேன். அப்படியும் இப்படி மஞ்சளாய்ப் போய்விட்டதே!" என்றார். தொட்டியைச் சாய்த்து மண்ணோடு செடியை வெளியே எடுத்துப் பார்த்தோம். வேர்கள் அழுகி நாற்றமெடுத்திருந்தன. காய விடாததே அதன் நோய் என்று சொன்னபோது அவர் நம்பவில்லை. பங்கில்லத்துத் திண்ணையில் நாமும் இதே பிழையைச் செய்து இதே செடியை ஒருமுறை இழந்தவர்களே என்று சொன்ன பிறகுதான் சிறிது சிரித்தார்.

அச்செடியை நாற்றுப்பண்ணைகளில் 'பாக்ஸ்டெயில் பெர்ன்' என்று விற்கிறார்கள். நரிவால் பெரணி என்று தமிழில் சொல்லலாம். இளம்பச்சை நிறத்தில், ஏறத்தாழ இரண்டடி நீளத்தில், நரியின் வாலைப்போலப் புசுபுசுவென்று நிமிர்ந்து நிற்கும் தண்டுகளைப் பார்த்தவர் அந்தப் பெயரின் முற்பாதியை மறுக்கமாட்டார். குழப்பம் விளைவிப்பது பிற்பாதியே. பெரணி என்றதும் ஏற்காட்டிலும் கோத்தகிரியிலும் பாறையிடுக்கில் நீர் சொட்டச் சொட்ட வளரும் செடி நம் நினைவுக்கு வருகிறது. ஆகவே இதற்கும் ஓயாமல் நீர் வார்க்கிறோம். உண்மையில் இது பெரணியே அன்று. பெரணி பூக்காது, காய்க்காது. இலையின் அடிப்புறத்தில் தோன்றும் நுண்வித்துகளால் பெருகும். நரிவால் செடியோ சிறிய வெண்பூக்களைப் பூத்து, சிவந்த கனிகளைத் தந்து, கரிய விதைகளை ஈனுவது.

இதன் தாயகம் தென்னாப்பிரிக்காவும் அதனை ஒட்டிய மொசாம்பிக் நாடுமாகும். தாவரவியலார் வழங்கும் பெயர் அஸ்பராகஸ் டென்சிஃப்ளோரஸ். முன்பு லில்லிக் குடும்பத்தில் வைத்து எண்ணப்பட்ட இவ்வினத்தை இப்பொழுது அஸ்பராகேசி என்னும் தனிக் குடும்பத்தில் சேர்த்துள்ளனர். நாம் இலையென்று நினைக்கும் ஊசிகள்கூட இலைகள் அல்ல. இலையின் வேலையைச் செய்யும் நுண்ணிய தண்டுகளே அவை. மெய்யான இலைகள் சிறு செதில்களாகச் சுருங்கிவிட்டன. நீர் வீணாகாமல் காக்கச் செடி கண்ட வழி அது. மண்ணுக்கு அடியிலோ, வேர்களில் சிறு சிறு கிழங்குகளைக் கட்டி, மழை பெய்யும் காலத்தில் நீரைச் சேமித்து, வறண்ட காலத்தில் அதனைக் கொண்டு பிழைக்கிறது. தனக்கென நீர்த்தொட்டி கட்டி வைத்திருக்கும் செடிக்கு நாள்தோறும் இருவேளை நீர் ஊற்றினால் கிழங்கு அழுகாமல் வேறென்ன செய்யும்?

இதன் உறவினர் ஒருவர் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து மக்களுக்குப் புதியவர் அல்லர். முட்செறிந்த புதர்க்காடுகளில் படரும் தண்ணீர்விட்டான் கொடி இதே இனத்தைச் சேர்ந்தது. அதன் வேரில் கொத்துக் கொத்தாக இருக்கும் கிழங்கைச் சித்த மருத்துவம் நெடுங்காலமாகக் கையாண்டு வருகிறது. பிள்ளை பெற்ற தாய்மார்க்குப் பால் சுரக்கக் கொடுப்பதும் உண்டு. பூங்கொத்துகளில் ரோசாவுக்குப் பின்னால் செருகப்படும் மெல்லிய பச்சைத்தழையும் இந்தக் குடும்பமே.

இங்கே பெற்றோர்க்கு ஓர் எச்சரிக்கை கூறுவது நம் கடமை. உறவுதானே என்று எண்ணி, நரிவாலின் கிழங்கைத் தோண்டி, தண்ணீர்விட்டான் கிழங்குக்கு மாற்றாக எவரும் பயன்படுத்தலாகாது. இனம் ஒன்றாயினும் செடி வேறு, மருந்தும் வேறு. இதன் செங்கனிகள் பார்வைக்கு மிட்டாய் போல இருக்கும். அவற்றைத் தின்ற குழந்தைக்கு வாந்தியும் வயிற்றுவலியும் வயிற்றுப்போக்கும் உண்டாகலாம். நாய்க்கும் பூனைக்கும் அவை ஆகா. தவழும் குழந்தை உள்ள வீட்டில் தொட்டியை எட்டாத உயரத்தில் வையுங்கள்; அல்லது காய் பிடித்தவுடனே கிள்ளி எறிந்துவிடுங்கள். செடியின் சாறு பலமுறை பட்டால் சிலருக்குத் தோலில் அரிப்புக் காணும். தண்டில் சிறு முட்களும் உண்டு. கத்தரிக்கும்போது கையுறை அணிவது நலம்.

இனி வளர்க்கும் முறையைக் காண்போம்.

நீர்: மேல்மண்ணில் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்றைக்கு நீர் வேண்டாம். காய்ந்திருந்தால் அடித்துளை வழியே வடியும் வரை நிறைய ஊற்றுங்கள். பிறகு மீண்டும் காயும் வரை விட்டுவிடுங்கள். இத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கணக்கு வைப்பதைவிட விரலை நம்புவதே மேல். தொட்டிக்கு அடியில் உள்ள தட்டில் தேங்கிய நீரைக் கொட்டிவிட வேண்டும். இல்லையேல் வேரும் அழுகும், கொசுவும் பெருகும். ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு மிகுந்திருந்தால் மண்ணின் மேல் வெண்மையாகப் படியும். மழைநாளில் தொட்டியை வெளியே வைத்து நன்றாக நனைய விட்டால் அது கழுவுண்டு போகும்.

ஒளி: காலை வெயில் படும் கிழக்குச் சாளரம் மிகப் பொருத்தம். உச்சிவெயில் நேரே பட்டால் ஊசிகள் மஞ்சளித்துக் கருகும். இருண்ட மூலையில் வைத்தாலோ தண்டு மெலிந்து ஊசிகள் உதிரும். கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரின் மார்கழிக் குளிரை இச்செடி தாங்கும், உறைபனியைத்தான் தாங்காது. வெகுவாகத் தாழ்ந்து வெப்பம் மிகுந்த கிருஷ்ணகிரி நகரில் சித்திரை, வைகாசியில் நிழலான இடத்துக்கு மாற்றிவிட வேண்டும்.

மண்ணும் உரமும்: செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு கலந்தால் போதும். பச்சைச் சாணம் கூடாது. இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம் இடலாம்.

கத்தரித்தல்: மஞ்சளான தண்டைப் பாதியில் வெட்டாதீர்கள், வெட்டிய தண்டு மீண்டும் நீளாது. அடியோடு அறுத்துவிட்டால் வேரிலிருந்து புதுக்குருத்து எழும். மாவுப்பூச்சியோ சிலந்திப்பேனோ கண்டால் முதலில் நீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். அதற்கும் அடங்காவிடில் சிறிது சோப்புக் கரைசலில் வேப்பெண்ணெய் கலந்து தெளிக்கலாம்.

இரண்டு மூன்று ஆண்டுகளில் கிழங்குகள் நெருங்கித் தொட்டியை அடைத்துக்கொள்ளும். பிளாஸ்டிக் தொட்டியானால் உடைத்துக்கொண்டு வெளிவருவதும் உண்டு. அப்போது ஆனி மாதச் சாரலில் செடியை வெளியே எடுத்து, ஒவ்வொரு பகுதியிலும் சில தண்டுகளும் சில கிழங்குகளும் இருக்குமாறு கூரிய கத்தியால் பிரித்து நடலாம். ஒரு செடி மூன்றாகும். அண்டை வீட்டாருக்கு அளிக்க இதனினும் நல்ல பரிசு ஏது? மிகுதியைப் புறம்போக்கிலோ காட்டோரத்திலோ எறிந்துவிடாதீர்கள். பறவைகள் கனியைத் தின்று விதையைப் பரப்பும். தென்னாப்பிரிக்காவிலிருந்து அழகுக்காகச் சென்ற அஸ்பராகஸ் இனங்கள் பல ஆஸ்திரேலியாவில் காடுகளுக்குள் புகுந்து பெருந்தொல்லையாகிவிட்டன. 2012-இல் அவை தேசிய முக்கியத்துவம் வாய்ந்த களைகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

வெட்டிய தண்டு நீர்க்குவளையில் ஒரு வாரத்துக்கு மேலும் வாடாமல் நிற்கும். ஓசூர், பாகலூர்ப் பகுதித் தோட்டத்து ரோசா நான்கோடு நரிவால் தண்டு இரண்டை வைத்தால் ஞாயிறு வழிபாட்டுக்குப் பீடம் அழகு பெறும். பூக்கடைச் செலவும் குறையும்.

தொடக்கத்தில் கூறிய செடிக்கு வருவோம். அழுகிய வேர்களை அறுத்தெறிந்த பின் கெட்டியான கிழங்குகள் மூன்றே எஞ்சின. அவற்றை மேலே ஒட்டியிருந்த குருத்தடியோடு ஒரு நாள் நிழலில் உலர்த்தி, புதுமண்ணில் ஊன்றி, "இனி விரல் சொல்லும்வரை ஊற்றவேண்டாம், அம்மா" என்று சொல்லி வந்தோம். அடுத்து அவ்வழியே சென்றபோது தொட்டியில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பச்சைக்குருத்து எழுந்திருந்தது. "ஊற்றாமல் இருப்பதுதான் சாமி கடினமாக இருந்தது" என்றார் அவர்.

அன்பு செய்வதற்கு நெஞ்சம் மட்டும் போதாது. யாருக்கு எது வேண்டும் என்று கேட்டறியும் பொறுமையும் வேண்டும். செடிக்கும் அப்படியே, வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் அப்படியே. பெயரைக் கேட்டு முடிவு செய்யாமல், ஒருமுறை வேரைப் பார்ப்போமாக.