கீமோ மருந்து: எல்லாமே லட்சங்கள் அல்ல, எதையும் பாதியில் நிறுத்தலாகாது

‘கீமோ’ என்ற சொல் காதில் விழுந்ததும் நம் குடும்பங்களில் இரண்டு கவலைகள் எழுகின்றன. ஒன்று, உடம்பு உருக்குலைந்துவிடும் என்ற அச்சம். மற்றொன்று, நகையை விற்க வேண்டுமே, வீட்டை அடமானம் வைக்க வேண்டுமே என்ற பதற்றம். மருத்துவர் என்ன மருந்து எழுதியிருக்கிறார் என்று பார்ப்பதற்கு முன்பே இந்த இரண்டும் நம்மைப் பிடித்துக்கொள்கின்றன.

கீமோ என்பது ஒரே மருந்து அல்ல. அதில் பல வகைகள் உண்டு. அவற்றுள் பழையதும் இன்றும் பரவலாகப் பயன்படுவதுமான ஒரு வகை ‘ஆன்டிமெட்டபொலைட்’ மருந்துகள். மெத்தோட்ரெக்சேட், மெர்காப்டோபியூரின், ஃபுளூரோயுராசில், கேப்சிட்டபின், சைட்டராபின், ஜெம்சிட்டபின், பெமெட்ரெக்செட் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை.

எப்படி வேலை செய்கின்றன?

ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் அது புதிதாக டி.என்.ஏ. தயாரிக்க வேண்டும். அதற்கு ஃபோலிக் அமிலம் போன்ற சில மூலப்பொருள்கள் தேவை. இந்த மருந்துகள் பார்வைக்கு அந்த மூலப்பொருள்களைப் போலவே இருக்கும். செல் ஏமாந்து இவற்றை எடுத்துக்கொள்ளும். பிறகு அதன் உற்பத்தி நின்றுபோகும். வேகமாகப் பெருகும் புற்றுநோய் செல்லுக்குத்தான் இதில் அடி அதிகம். ஆனால் வாயின் உட்தோல், குடல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றின் செல்களும் வேகமாகப் பிரிபவை. வாய்ப்புண்ணும் வயிற்றுப்போக்கும் இரத்த அணுக்கள் குறைவதும் அதனால்தான் வருகின்றன.

இந்த வரலாற்றில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு. ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, பின்னர் அமெரிக்கா சென்றவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அங்கே அவர் தலைமையில் இயங்கிய ஆய்வுக் குழு உருவாக்கிய மருந்தைத்தான் பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 குழந்தைகளிடம் முன்னேற்றம் தெரிந்தது. 1948-இல் இது வெளியானது. அந்த முன்னேற்றம் சில மாதங்களே நீடித்தது. இன்று பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதால், வசதியுள்ள நாடுகளில் இதே வகை நோய் கண்ட குழந்தைகளில் 10-க்கு 9 பேர் பிழைக்கிறார்கள்.

விலை எவ்வளவு?

இவற்றில் பெரும்பாலானவை காப்புரிமை முடிந்தவை. பல இந்திய நிறுவனங்கள் தயாரிப்பவை. மெத்தோட்ரெக்சேட், மெர்காப்டோபியூரின், ஃபுளூரோயுராசில், சைட்டராபின், கேப்சிட்டபின், ஜெம்சிட்டபின் ஆகியவை இந்திய அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளன. எனவே இவற்றுக்கு அரசு உச்சவரம்பு விலை நிர்ணயிக்கிறது. 2019-இல் வேறு 42 புற்றுநோய் மருந்துகளின் விற்பனை லாபத்தை அரசு 30 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியது. அப்போது நுரையீரல் புற்றுநோய்க்கான பெமெட்ரெக்செட் 500 மில்லிகிராம் ஊசியின் ஒரு பிராண்ட், சுமார் 25,000 ரூபாயிலிருந்து சுமார் 2,500 ரூபாய்க்கு இறங்கியது. ஒரே மருந்துக்கு இவ்வளவு வித்தியாசம் இருக்க முடியும் என்பதை நாம் மறக்கக் கூடாது.

ஆகவே சீட்டில் உள்ள பிராண்ட் பெயரோடு நின்றுவிடாமல், மருந்தின் மூலப்பெயரைக் கேட்டு எழுதி வாங்குங்கள். அதே மருந்து குறைந்த விலையில் கிடைக்குமா என்று மருத்துவரிடமே கேளுங்கள். இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசு அண்ணா புற்றுநோய் மருத்துவமனை, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் ஆகியவற்றில் விசாரியுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. நகையை விற்பதற்கு முன், ஜமாஅத்தில் உதவி கேட்பதற்கு முன், இந்த வாசல்களைத் தட்டுவோம்.

மருந்து மலிவாக இருந்தாலும் மற்ற செலவுகள் கூடிவிடும். இரத்தப் பரிசோதனை, பஸ், ரயில் கட்டணம், தங்குமிடம், உடன் வருபவர் இழக்கும் கூலி என்று கணக்கு நீளும். ஜமாஅத்துகள் உதவும்போது மருந்துச் சீட்டை மட்டும் பார்க்காமல் இந்தச் செலவுகளையும் பார்க்க வேண்டும். பல குடும்பங்கள் சிகிச்சையைக் கைவிடுவது இவற்றால்தான்.

நாம் செய்யும் தவறுகள்

முதல் தவறு, பாதியில் நிறுத்துவது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டுகள் நடக்கும். பிற்பகுதியில் வீட்டிலேயே தினமும் மெர்காப்டோபியூரின் மாத்திரை, வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட். அப்போது குழந்தை ஓடி விளையாடும், முடியும் முளைத்திருக்கும். ‘குணமாகிவிட்டதே, இனி எதற்கு?’ என்று தோன்றும். கண்ணுக்குத் தெரியாமல் மிஞ்சியிருக்கும் நோய் செல்களுக்காகத்தான் அந்த மாத்திரை. அடிக்கடி தவறவிட்டால் நோய் திரும்பும் அபாயம் கூடுகிறது. திரும்பி வந்த நோயைக் குணப்படுத்துவது மிகக் கடினம். செலவும் பல மடங்கு.

இரண்டாவது, வாரம் ஒருமுறை சாப்பிட வேண்டிய மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் சாப்பிடுவது. மூட்டு வாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் இதே மருந்தைக் குறைந்த அளவில் கொடுப்பதால், பல வீடுகளில் இது இருக்கிறது. தினமும் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. எந்தக் கிழமை என்பதை அட்டையில் பெரிதாக எழுதி வையுங்கள். இது கருவைப் பாதிக்கும் மருந்து; குழந்தை பெற நினைக்கும் கணவனும் மனைவியும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, காய்ச்சலை வீட்டிலேயே சமாளிப்பது. கீமோ எடுப்பவருக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் கஷாயமும் வேண்டாம், காலை வரை காத்திருக்கவும் வேண்டாம். இரவானாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும்போது கிருமித் தொற்று சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

நான்காவது, ரமலானில் மாத்திரை நேரத்தைத் தாமாக மாற்றுவது. கேப்சிட்டபின் உணவுக்குப் பின் காலையும் இரவும் எடுக்க வேண்டியது. அதனால் வயிற்றுப்போக்கு வந்தால் உடலில் நீர் வற்றிவிடும். நோயாளி நோன்பைப் பிற்படுத்த மார்க்கம் தெளிவாக அனுமதி தந்திருக்கிறது. அந்தச் சலுகையை மறுத்து உடலை வருத்திக்கொள்ளத் தேவையில்லை.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துச் செல்லுங்கள். மருந்தின் மூலப்பெயர், அளவு, கிழமை, இரத்த அணு எண்ணிக்கை, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய தொலைபேசி எண் ஆகியவற்றை அதில் எழுதி, வீட்டில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் வையுங்கள்.