இருட்டிலும் எண்ணப்படும் கடற்பனி

கடல்நீர் பூஜ்ஜியம் டிகிரியில் உறைவதில்லை. கரைந்திருக்கும் உப்பு அதன் உறைநிலையை மைனஸ் 1.8 டிகிரி செல்சியசுக்கு இறக்கிவிடுகிறது. அந்த அளவுக்குக் குளிர்ந்த கடலின் மேற்பரப்பில் முதலில் ஊசி ஊசியாகப் படிகங்கள் மிதக்கும். பிறகு அவை கூழாகத் திரண்டு, தட்டுகளாக ஒட்டி, ஒன்றிரண்டு மீட்டர் தடிமனுள்ள பாளங்களாக வளரும். இதுதான் கடற்பனி. நிலத்தின் மேல் பெய்து இறுகி, பனியாறாக வழிந்து, கடலோரத்தில் முறிந்து விழும் பனிப்பாறை வேறு. அது நன்னீர், டைட்டானிக்கை மூழ்கடித்த வகை. கடற்பனியோ கடலிலேயே விளைந்து கடலிலேயே கரைவது.

ஆர்க்டிக்கில் இந்த விளைச்சல் மார்ச் மாதத்தில் உச்சத்தைத் தொட்டு ஒன்றரைக் கோடி சதுர கிலோமீட்டரை ஒட்டிப் பரவும். செப்டம்பரில் பாதிக்கும் கீழே சுருங்கும். அண்டார்க்டிகாவைச் சுற்றிப் பருவம் தலைகீழ். அங்கே செப்டம்பரில் 1.8 கோடி சதுர கிலோமீட்டர் வரை விரியும் பனி, பிப்ரவரியில் 30 லட்சத்தை ஒட்டி நிற்கும். இவ்வளவு பெரிய பரப்பு ஆண்டுக்கொரு முறை பூத்து உதிர்வதைக் கப்பலில் போய் அளக்க முடியாது. நார்வேயின் நான்சென் 1893 முதல் 1896 வரை தன் 'ஃப்ராம்' கப்பலை வேண்டுமென்றே பனியில் சிக்கவைத்து, அது இழுத்த இழுப்புக்கெல்லாம் மிதந்துபோய்ப் பனியின் ஓட்டத்தை அறிந்தார். மூன்று ஆண்டுகளில் கிடைத்தது ஒரே ஒரு பாதையின் செய்தி.

வானிலிருந்து பார்ப்பதும் தொடக்கத்தில் அத்தனை எளிதாக இருக்கவில்லை. துருவத்தில் குளிர்காலம் முழுக்க இரவு. கோடையில் வெளிச்சம் இருந்தாலும் மேகம் விலகுவது அரிது. 1964 ஆகஸ்டில் ஏவப்பட்ட நாசாவின் நிம்பஸ்-1 ஒரு மாதத்துக்கும் குறைவாகவே வேலை செய்தது. அது எடுத்த படங்கள் ஃபிலிம் சுருள்களாகக் கிடங்கில் கிடந்தன. ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து அவற்றைத் தேடி எடுத்து, கணினியில் ஏற்றி, மேகமில்லாத துண்டுகளை ஒட்டுப்போட்டுப் பார்த்தபோது, அந்த ஆண்டு செப்டம்பரில் அண்டார்க்டிகாவின் பனி 1.97 கோடி சதுர கிலோமீட்டர் அளவில் இருந்தது தெரியவந்தது. தூசு படிந்த சுருளிலிருந்து கிடைத்த அருமையான எண் இது. ஆனால் ஒளிப்படத்தை நம்பி நாள் தவறாமல் கணக்கெழுத முடியாது என்பதும் அதிலேயே தெரிந்தது.

வழி திறந்தது நுண்ணலையால். பூஜ்ஜியம் கெல்வினுக்கு மேல் வெப்பமுள்ள எந்தப் பொருளும் ஏதோ ஒரு கதிர்வீச்சை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். அதில் மிக மெல்லிய ஒரு பங்கு, மில்லிமீட்டர் சென்டிமீட்டர் நீளமுள்ள நுண்ணலைகளாக வெளிவருகிறது. இதற்குச் சூரியன் தேவையில்லை. மேகத்தைத் துளைத்துக்கொண்டு பெரும்பாலும் வந்துவிடும். செயற்கைக்கோள் தன் பங்குக்கு எதையும் அனுப்புவதில்லை. கீழிருந்து வருவதை வாங்கி அளக்கிறது, அவ்வளவே.

இங்கே ஒரு விந்தை. பனியைவிடத் திறந்த கடல்நீர் சற்று வெதுவெதுப்பானது. ஆனால் நுண்ணலைக் கருவிக்குப் பனிதான் சூடாகத் தெரியும். காரணம் உமிழ்திறன். நீர் நுண்ணலையைப் பெரும்பாலும் எதிரொளிக்கும் பொருள். நன்றாக எதிரொளிப்பது நன்றாக உமிழாது. பனி அப்படியல்ல, தன் வெப்பத்துக்கு உரிய கதிர்வீச்சில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளியே விட்டுவிடும். 19 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், கிடைமட்டமாக அதிரும் அலையை மட்டும் பிரித்து அளந்தால், குளிர்காலத்தில் புதிதாக உறைந்த பனி 240 கெல்வினை ஒட்டிய வெப்பமுள்ளதுபோலத் தோன்றும். பக்கத்திலேயே இருக்கும் கடல்நீர் 100 கெல்வினை ஒட்டி நிற்கும். உண்மையான வெப்பநிலை வேறுபாடு பத்து இருபது டிகிரிதான். கருவியில் தெரிவதோ 140. இப்படித் தோன்றும் அளவுக்கு ஒளிர்வு வெப்பநிலை என்று பெயர். துருவக் கடலின் கணக்கு முழுவதும் இந்தப் பெரிய இடைவெளியின் மேல்தான் நிற்கிறது.

ஒரே எண்ணைக் கொண்டு முடிவு சொல்லிவிட முடியாது. வெப்பநிலை ஏறி இறங்கினாலே அந்த எண் மாறும். அதனால் விகிதங்களைப் பார்க்கிறார்கள். செங்குத்தாக அதிரும் அலையில் நீரின் ஒளிர்வு வெப்பநிலை கிடைமட்ட அலையைவிட 75 கெல்வின் வரை கூடுதலாக இருக்கும். பனியில் அந்த வேறுபாடு 15 கெல்வினைச் சுற்றியே இருக்கும். ஆக, இரண்டு அலைகளுக்கும் இடையில் எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்தாலே கடலின் ஒரு பகுதியில் பனி எத்தனை பங்கு, நீர் எத்தனை பங்கு என்று பிரித்துவிடலாம்.

19, 37 கிகாஹெர்ட்ஸ் அளவீடுகளை ஒப்பிட்டால் பனியின் வயதும் ஓரளவு பிடிபடும். புதுப் பனிக்குள் உவர்நீர் சிறுசிறு பைகளாகச் சிறைப்பட்டிருக்கும். ஒரு கோடையைத் தாண்டிப் பிழைத்த பனியிலிருந்து அந்த உப்பு வடிந்துபோய், அதன் இடத்தில் காற்றுக் குமிழிகள் தங்கிவிடுகின்றன. குறுகிய அலையைக் குமிழி சிதறடிக்கும். அதனால் 37 கிகாஹெர்ட்ஸில் பழைய பனி மங்கலாகத் தெரியும். உப்புக் கரித்த இளம்பனியும் உப்பு வடிந்த முதுபனியும் இப்படி விண்ணிலிருந்தே வேறுபடுகின்றன.

1972 டிசம்பரில் ஏவப்பட்ட நிம்பஸ்-5 இந்த முறையைத் துருவங்களில் முதன்முதலாகப் பெரிய அளவில் சோதித்தது. அதில் இருந்தது ஒரே அதிர்வெண், ஒரே வகை அலை. கணக்கில் துல்லியம் போதாது. இருந்தும், அண்டார்க்டிகாவின் வெடல் கடலில் 1974 முதல் 1976 வரை மூன்று குளிர்காலங்களிலும் பனியின் நடுவே ஏறக்குறைய இரண்டரை லட்சம் சதுர கிலோமீட்டர் திறந்த நீர் கிடந்ததை அது காட்டிக்கொடுத்தது. ஆழத்திலிருந்த வெதுவெதுப்பான நீர் மேலெழுந்து பனியை உறையவிடாமல் வைத்திருந்தது. ஒரு நாட்டளவு பெரிய அந்த ஓட்டையை, நடுக்குளிர்கால இருட்டில், வேறு எந்த வகையில் கண்டிருக்க முடியும்?

தொடர்ச்சியான பதிவு 1978 அக்டோபர் 24 அன்று ஏவப்பட்ட நிம்பஸ்-7இல் தொடங்குகிறது. மின்சாரம் போதாமல் அதன் கருவி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் இயங்கியது. 1987 முதல் அமெரிக்க ராணுவத்தின் வானிலைச் செயற்கைக்கோள் வரிசை அந்தப் பணியை ஏற்று நாள்தோறும் அளந்தது. கருவி மாறும்போதெல்லாம் பழையதும் புதியதும் சில காலம் சேர்ந்து ஓட வேண்டும். இல்லாவிட்டால் பனி குறைந்ததா, கருவியின் குணம் மாறியதா என்று சொல்ல முடியாது. வரைபடத்தில் நேர்க்கோடாகத் தெரியும் நாற்பது சொச்சம் ஆண்டுப் பதிவு, உண்மையில் பல கருவிகளைத் தையல் தெரியாமல் இணைத்த துணி.

கணக்கில் மனிதர் செய்துகொண்ட சில ஏற்பாடுகளும் உண்டு. கடலை 25 கிலோமீட்டர் பக்கமுள்ள கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்தில் 15 விழுக்காட்டுக்கு மேல் பனி இருந்தால் அந்தக் கட்டம் முழுவதையும் பனியுள்ளதாக எண்ணுவது நடைமுறை. இப்படிக் கிடைப்பது 'பரவல்'. ஒவ்வொரு கட்டத்திலும் பனி உள்ள பங்கை மட்டும் கூட்டினால் கிடைப்பது 'பரப்பு'. அது எப்போதும் சிறிய எண். செய்தித்தாள்கள் இரண்டையும் கலந்து எழுதிக் குழப்புவதுண்டு. பரவலை விரும்புவதற்கு நியாயம் இருக்கிறது. கோடையில் பனிப்பாளத்தின் மேல் உருகுநீர் குட்டை குட்டையாகத் தேங்கும். நுண்ணலைக் கருவிக்குக் குட்டையும் கடலும் ஒன்றுதான், இரண்டுமே நீர். அதனால் கோடையில் பரப்பு உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். 15 விழுக்காடு என்ற தாழ்ந்த வாசலை வைத்தால் அந்தப் பிழை பெரும்பாலும் அடிபட்டுப்போகும். காற்றால் கொந்தளிக்கும் கடல் பனிபோலத் தோன்றுவது, கரையோரக் கட்டங்களில் நிலத்தின் கதிர்வீச்சு கலந்துவிடுவது ஆகியவற்றுக்குத் தனித்தனி வடிகட்டிகள் உண்டு.

துருவத்தின் உச்சியிலும் ஓர் ஓட்டை இருக்கிறது, பனியில் அல்ல, தரவில். செயற்கைக்கோள்கள் சரியாகத் துருவத்தின் மேலே பறப்பதில்லை. நிம்பஸ்-7 காலத்தில் வடதுருவத்தைச் சுற்றி 611 கிலோமீட்டர் ஆரத்துக்குள் எதுவும் தெரியாது. அடுத்து வந்த கருவிகளில் அது 311 ஆகவும் பிறகு 94 ஆகவும் சுருங்கியது. பரவலைக் கணக்கிடும்போது அந்த வட்டம் முழுக்கப் பனி என்றே கொள்கிறார்கள்.

கருவி பழுதாவதும் உண்டு. 2009 பிப்ரவரியில் அமெரிக்காவின் போல்டர் நகரிலுள்ள தேசியப் பனித் தரவு மையத்துக்கு வாசகர்களிடமிருந்து மின்னஞ்சல்கள் குவிந்தன: பனி இருக்க வேண்டிய இடங்கள் வரைபடத்தில் திறந்த கடலாகக் காட்டுகின்றனவே, ஏன்? ஆராய்ந்ததில், செயற்கைக்கோளின் உணரி மெல்ல மெல்ல வழுவி, பனியை 5 லட்சம் சதுர கிலோமீட்டர் வரை குறைத்துக் காட்டியிருந்தது தெரிந்தது. மையம் அதை வெளிப்படையாக அறிவித்து, வேறு செயற்கைக்கோளின் தரவுக்கு மாறியது. பின்னாளில் ராணுவச் செயற்கைக்கோள்கள் வயதாகி ஓயத் தொடங்கின. 2025இல் அவற்றின் தரவு நிறுத்தப்படும் என்ற அறிவிப்பும் வந்து, பிறகு தள்ளிப்போடப்பட்டது. மையம் ஜப்பானின் அம்சர்-2 கருவியின் அளவீடுகளுக்கு மாறிக்கொண்டது.

இவ்வளவு வடிகட்டல்களுக்குப் பிறகு மிஞ்சும் எண்கள் என்ன சொல்கின்றன? ஆர்க்டிக்கின் செப்டம்பர்ப் பனி பத்தாண்டுக்குச் சுமார் 12 விழுக்காடு வீதம் குறைந்துவந்திருக்கிறது. 1980களில் 70 லட்சம் சதுர கிலோமீட்டரை ஒட்டி இருந்த அது, 2012 செப்டம்பரில் ஏறக்குறைய 34 லட்சமாகச் சரிந்தது. கிட்டத்தட்ட இந்தியாவின் பரப்பளவு அது. அதைவிடக் குறைந்த நாள் இதுவரை பதிவாகவில்லை. தெற்கின் கதை வேறு மாதிரி. அண்டார்க்டிகாவில் பனி மெல்லக் கூடிக்கொண்டே போய், 2014இல் முதன்முறையாக 2 கோடியைத் தாண்டியது. புவி வெப்பமடைவதை ஏற்காதவர்கள் அதைச் சுட்டிக்காட்டி மகிழ்ந்தார்கள். இரண்டே ஆண்டுகளில் போக்கு திரும்பியது. 2023 பிப்ரவரியில் அங்கே எஞ்சியது 18 லட்சத்தைத் தொடவில்லை.

பரவல் பாதிக் கணக்குதான். அரை மீட்டர்ப் பனியும் மூன்று மீட்டர்ப் பனியும் நுண்ணலை வரைபடத்தில் ஒரே வெள்ளை. தடிமனைப் பெரிய அளவில் முதலில் அளந்தவை நீர்மூழ்கிகள்; 1958 ஆகஸ்டில் வடதுருவத்தின் கீழே கடந்துபோன நாட்டிலஸ் முதற்கொண்டு, கீழிருந்து ஒலியலையை அனுப்பிப் பனியின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தன. செயற்கைக்கோளுக்கு அடிப்பக்கம் எட்டாது. நீருக்கு மேலே பனி எவ்வளவு துருத்திக்கொண்டிருக்கிறது என்பதை மட்டும் அது அளக்கலாம். மிதப்பு விதி மீதியைச் சொல்லிவிடும். இரண்டு மீட்டர்ப் பாளத்தில் வெளியே தெரிவது ஏறக்குறைய 20 சென்டிமீட்டர். எழுநூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து அந்தச் சாண் அளவைப் பிடிக்க வேண்டும். அதில் 2 சென்டிமீட்டர் தவறினால் தடிமனில் 20 சென்டிமீட்டர் தவறும்.

ஐரோப்பாவின் கிரையோசாட் 2005இல் ஏவும்போதே கடலில் விழுந்தது. மறுபடி கட்டப்பட்ட கிரையோசாட்-2 2010 ஏப்ரலில் ஏறி, ரேடார் துடிப்புகள் திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு, பாளத்தின் உயரத்தையும் பாளங்களுக்கு இடையே விரிசலில் தெரியும் கடல் மட்டத்தையும் ஒப்பிட்டு வருகிறது. நாசாவின் ஐஸ்சாட்-2 (2018) அதே வேலையைப் பச்சை லேசரால், நொடிக்கு 10,000 துடிப்புகளாகச் செய்கிறது.

தொல்லை தருவது பாளத்தின் மேல் பெய்து கிடக்கும் மென்பனி. அதன் எடை பாளத்தை நீருக்குள் அழுத்தும்; எத்தனை அழுத்துகிறது என்று தெரியாமல் தடிமனைச் சொல்ல முடியாது. வெகுகாலம் இதற்குக் கைகொடுத்தது, சோவியத் ஆய்வாளர்கள் மிதக்கும் பாளங்களின் மேல் முகாமிட்டு 1954 முதல் 1991 வரை குச்சி நட்டு அளந்து வைத்த சராசரிக் கணக்கு. மாறிவிட்ட ஆர்க்டிக்குக்குப் பழைய அளவுகோல். இதற்கு மாற்று, இரண்டு விதக் கதிர்களை ஒன்றாகப் பயன்படுத்துவது. லேசர் மென்பனியின் மேற்புறத்திலேயே திரும்பிவிடும். கிரையோசாட்-2இன் ரேடார் அதை ஊடுருவிப் பாளத்தை எட்டும் என்று கொள்ளப்படுகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே மென்பனியின் ஆழம். இரு செயற்கைக்கோள்களும் ஒரே இடத்தைச் சில மணி நேர இடைவெளியில் கடக்கும்படி 2020 ஜூலையில் கிரையோசாட்-2இன் சுற்றுப்பாதையைச் சற்று உயர்த்தினார்கள்.

இதே கருத்துக்கு இந்தியாவின் பங்கும் உண்டு. இஸ்ரோவும் பிரான்சின் விண்வெளி நிறுவனமும் சேர்ந்து 2013 பிப்ரவரியில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய சரள் செயற்கைக்கோளில் இருந்த ஆல்டிகா ரேடார், கிரையோசாட்டைவிடக் குறுகிய அலையைப் பயன்படுத்தியது. குறுகிய அலை மென்பனிக்குள் அதிகம் இறங்காது. இரண்டையும் ஒப்பிட்டு மென்பனியின் ஆழத்தைக் கணிக்க ஆய்வாளர்கள் முயன்றார்கள். அந்த இரண்டு அலைகளையும் ஒரே விண்கலத்தில் ஏற்றும் 'கிரிஸ்டல்' திட்டத்தை ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் இப்போது உருவாக்கிவருகிறது. ஒரே நொடியில் ஒரே பாளத்தை இரண்டு ரேடார்களும் பார்க்கும் என்பதால், வெவ்வேறு நேரத்தில் வெவ்வேறு பாதையில் எடுத்த அளவுகளைப் பொருத்திப் பார்க்கும் வேலை அதில் இருக்காது.