ட்ரோகார்: கூர்முனை எஃகுக் குழல்

மலேசியாவின் குளுவாங் நகர வெக்கையில் உயிர் பிரிந்த உடல் நெடுநேரம் தாங்காது. குடல் பாக்டீரியாக்கள் வாயுவைப் பெருக்க, வயிறுதான் முதலில் உப்பும். அந்த அழுத்தத்தில் வாய், மூக்கு வழியே நீர் கசியும். உடலைப் பதப்படுத்தக் கழுத்துத் தமனியில் ஃபார்மலின் கலவையைச் செலுத்தி, சிரை வழியே இரத்தத்தை வடித்தாலும் குடலில் அடைந்த வாயு போகாது. அதற்குத்தான் இக்குழல். தொப்புளுக்கு இரண்டு அங்குலம் மேலே, இரண்டு அங்குலம் இடப்பக்கம் ஒரே துளை. நெஞ்சு முதல் சிறுநீர்ப்பை வரை அதிலிருந்தே எட்டும். குழலால் வாயுவையும் நீரையும் உறிஞ்சியபின் அடர்மருந்தைப் பாய்ச்சித் துளையைத் திருகுமூடியால் அடைப்பார்கள்.

நீர் கோத்த கால்களுக்குக் குழல் மட்டும் போதாது. உயர்த்தி வைத்து, இதயம் நோக்கி நீவி வடிக்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலை. மறுநாளே தகனம் என்றால் பெரும்பாலும் இவ்வளவும் வேண்டியதில்லை. கடல்கடந்து வரும் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் வீடுகளுக்கே இது கைகொடுக்கிறது.