கிருஷ்ணா என்றால் திருவா, திருமதியா?

கொல்கத்தாவின் பாலிகஞ்சுக்கு மாற்றலாகிப் போன வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். கிருஷ்ணா என்ற மேலதிகாரிக்குத் ‘திரு’ போட்டுக் கடிதம் அனுப்பினாராம். பதில் போட்டது ஓர் அம்மையார். பெயரை வைத்து இங்கே ஆண், பெண் அறிவது எப்படி என்று கேட்கிறார்.

காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும் ஐயா. நமக்கு முருகனும் வள்ளியும் கடைசி எழுத்திலேயே தெரிந்துவிடுவார்கள். பெயர் ஏமாற்றினாலும் ‘வந்தான், வந்தாள்’ காப்பாற்றும். எங்கள் தெருவில் ராஜாமணி என்று ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இருந்தார்கள், யாரும் குழம்பியதில்லை. வங்காளியில் அவன், அவள் இரண்டுக்கும் ‘ஷே’தான். வினைமுற்றும் பால் காட்டாது. ஆகவே பாரமெல்லாம் பெயரின் வால்மேல்.

வடமொழி வழிவந்த ஆண் பெயர்களில் பல குறில் அகரத்தில் முடிபவை. பெண் பெயர்களில் பல நெடில் ஆகாரத்தில். வங்காளிகள் அந்தக் குறிலை ஒற்றை மெய்க்குப் பின் பெரும்பாலும் விழுங்கிவிடுவார்கள். அருண் ஆண், அருணா பெண். ‘த்ர’, ‘ஷ்ண’ போன்ற கூட்டெழுத்துக்குப் பின் விழுங்க முடியாதே! அங்கே அது ‘ஓ’ மாதிரி உருண்டுவிடும்.

1963இல் ‘சாத் பாக்கே பாந்தா’ படத்தில் இணைந்து நடித்தவர்கள் சுசித்ரா சென்னும் சௌமித்ர சாட்டர்ஜியும். பாலிகஞ்ச் சர்க்குலர் ரோட்டில் வாழ்ந்த சுசித்ராவுக்கு மாஸ்கோ திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது வாங்கித் தந்த படம். ஆங்கில எழுத்தில் இரண்டு பெயருக்கும் ஒரே வால். வங்காளி வாயிலோ அவர் ஷுசித்ரா, இவர் ஷௌமித்ரோ. உங்கள் சிக்கலும் இதுதான். கண்ணன் அங்கே ‘கிருஷ்ணோ’. ஆகாரம் சேர்ந்தால் திரௌபதி; அவளுக்குக் கிருஷ்ணா என்றும் பெயரல்லவா? ஜாதவ்பூரில் மூன்று முறை வென்று மக்களவைக்குப் போன கிருஷ்ணா போஸ் பெண்மணிதான்.

நம் பத்திரிகைகள் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. ஆங்கில எழுத்தைப் பார்த்துச் சௌமித்ரரைச் ‘சௌமித்ரா’ ஆக்கி அச்சடிக்கிறார்கள். குறிலும் நெடிலும் தனித்தனியே வைத்திருக்கும் தமிழுக்கு இது தேவையா? அடையாள அட்டைகளிலும் அலுவலகப் பட்டியல்களிலும் இதே கதைதான்.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். பெயர்ப் பட்டியலை வங்க எழுத்தில் வாங்கிப் பாருங்கள். நம் துணைக்கால் போலவே அங்கும் நெடிலுக்குப் பக்கத்தில் ஒரு கோடு நிற்கும். கடைசியில் அது இருந்தால் பெரும்பாலும் பெண். ராஜா, ராணா மாதிரி ஆட்களும் உண்டு. சந்தேகம் வந்தால் பியூனிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.