நூலக பீரோவின் சாவி யாரிடம்?

ஒவ்வொரு பள்ளியும் ஆண்டுதோறும் அரசுக்கு நிரப்பித் தரும் யூடைஸ் படிவத்தில் நூலகம் உண்டா, எத்தனை புத்தகம் என்று கேட்கிறார்கள். தலைமையாசிரியர் அறையில் ஒரு இரும்பு பீரோவும் அதற்குள் சில நூறு புத்தகங்களும் இருந்தால் ‘உண்டு’ என்று எழுதிவிடலாம். அதில் பொய்யும் இல்லை. படிவத்தை நிரப்புவது பள்ளியேதான். அதிகாரி பார்வையிட வரும் நாளில் பீரோ திறந்திருக்கும், புத்தகங்கள் மேசையில் அடுக்கியிருக்கும். மற்ற நாள்களில் அது திறக்கிறதா, கால அட்டவணையில் இருக்கும் நூலகப் பாடவேளை கணக்குக்குப் போய்விடுகிறதா என்பது ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். ஆகவே, தன் பள்ளி நூலகத்துக்காக ஒரு சிறுமி வாய் திறக்கும்போது அவளுடைய துணிச்சலை மெச்சிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. சட்டம் நடைமுறையில் இருக்கிறதா என்று சொல்லத்தக்க முதல் சாட்சி அவள். அவள் சொல்வதைக் கேட்டுப் பதிவுசெய்ய வழி இல்லாத பள்ளியில் நூலகம் காகிதத்தோடு நின்றுவிடும்.

அவள் கேட்பது சலுகை இல்லை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, குடிநீர், கழிப்பறை, விளையாட்டு மைதானம் ஆகியவற்றோடு நூலகத்தையும் சேர்த்தே வைத்திருக்கிறது. நாளிதழ், பருவ இதழ், கதைப் புத்தகம் உட்பட எல்லாப் பாடங்களுக்குமான நூல்களைத் தரும் நூலகம் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்க வேண்டும் என்கிறது அது. தேர்வுக் கையேடுகள் மட்டும் நிறைந்த அலமாரி இந்த விதியை நிறைவேற்றாது. பேசும் உரிமைக்கும் அடிப்படை உண்டு. தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லவும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு மதிப்புக் கிடைக்கவும் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு வழிசெய்கிறது. இந்தியா 1992இல் அந்த உடன்படிக்கையை ஏற்றது.

உரிமை இருப்பதால் மட்டும் பேச வந்துவிடாது. அதற்குப் பழக்க வேண்டும். ‘எங்கள் பள்ளியில் நூலகமே சரியில்லை’ என்று மனு எழுதினால் ‘ஆவன செய்யப்படும்’ என்ற பதிலோடு முடிந்துபோகும். ‘ஏழாம் வகுப்பு ஆ பிரிவுக்குப் புதன்கிழமை ஆறாவது பாடவேளை நூலகம். பள்ளி திறந்த ஜூன் மாதத்திலிருந்து எங்களுக்கு ஒரு புத்தகமும் கொடுக்கவில்லை. வாரம் ஒரு புத்தகம் வீட்டுக்குக் கொண்டுபோக அனுமதி தாருங்கள், ஐயா’ என்று எழுதினால் பதில் சொல்லியே ஆக வேண்டும். நாளும் பாடவேளையும் கோரிக்கையும் அதில் இருக்கின்றன, யார்மீதும் பழி இல்லை. வகுப்புப் பிள்ளைகள் பத்துப் பேர் சேர்ந்து கையெழுத்திட்டால் ஒருத்தி மட்டும் தனியாகக் கண்ணில் படமாட்டாள். மனுவின் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது பெரியவர்களே மறந்துவிடும் காரியம். அதையும் இப்போதே பழக்கிவிட வேண்டும்.

புத்தகத்தைக் கொடுத்தால் பிள்ளைகள் தொலைத்துவிடுவார்கள், தணிக்கையில் யார் பதில் சொல்வது என்று ஆசிரியர்கள் கேட்கிறார்கள். இதை அலட்சியமாக ஒதுக்கக் கூடாது. இருப்புப் பதிவேட்டில் உள்ள புத்தகம் குறைந்தால் பொறுப்பு தன் தலையில் விழும், மாறுதலாகிப் போகும்போது கைக்காசு கட்ட நேரும் என்ற பயம் உண்மையானது. பல பள்ளிகளில் பீரோவைப் பூட்டுவது சோம்பலைவிட இந்தப் பயம்தான். ஆனால், புத்தகம் புழங்கினால் கொஞ்சம் தொலையும் என்பதை அரசின் விதியே ஒப்புக்கொண்டிருக்கிறது. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள், வழங்கும் 1,000 புத்தகங்களுக்கு ஆண்டில் 5 தொலைவதை ஏற்கத்தக்க இழப்பாகக் கொள்கின்றன. மோசடியோ கவனக்குறைவோ காரணமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். மாநில அரசுப் பள்ளியை அந்த விதி நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்றாலும் அதன் நியாயம் இங்கேயும் செல்லும். கிழிந்ததையும் தொலைந்ததையும் பள்ளி மேலாண்மைக் குழு ஆண்டுக்கு ஒருமுறை பார்வையிட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவைத்தால், ஆசிரியர் தனியாகப் பயப்பட வேண்டியதில்லை. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் முதலாவதே நூலின் பயன்பாட்டைப் பற்றியதுதான்.

பணம் இல்லை, நூலகர் இல்லை என்பது அடுத்த மறுப்பு. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் பள்ளியின் நிலைக்கேற்ப ஆண்டுக்கு ₹5,000 முதல் ₹20,000 வரை நூலக மானியத்துக்கு வகைசெய்கிறது. மத்திய அரசுக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையிலான பிணக்கில் அந்தத் திட்ட நிதி தடைபட்டது உண்மை. அதற்கான விலையைப் பிள்ளைகள் கொடுப்பது அநியாயம். ஆனால் ஏற்கெனவே வாங்கிய புத்தகத்தை வெளியே எடுக்க மானியம் எதற்கு? வழங்கல் பதிவேடாக ஒரு நோட்டு, பொறுப்பாக இரண்டு மாணவர்கள், வாரத்தில் ஒரு பாடவேளை இருந்தால் தொடங்கிவிடலாம். பள்ளிக்கல்வித் துறை பிள்ளைகளுக்காகவே வெளியிட்ட ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்கள் கட்டுப் பிரிக்காமல் கிடந்தால் அதையும் மனுவில் சேர்க்கலாம்.

பிள்ளை பேசினால் அவளைக் குறிவைத்துவிடுவார்களே என்ற பெற்றோரின் கவலை இவை எல்லாவற்றையும்விடக் கனமானது. வகுப்பில் குத்திப் பேசுவது, ‘டி.சி. வாங்கிக்கொண்டு போ’ என்று மிரட்டுவது எல்லாம் நடக்கக்கூடியவை. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடைசெய்கிறது. எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியைவிட்டு நீக்கக் கூடாது என்கிறது 16ஆவது பிரிவு. மிரட்டல் வந்தால் பள்ளிக்கல்வி உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டுக்கும் பிள்ளையே பேசலாம். பெயர் வெளியே தெரிய வேண்டாம் என்றால் அரசுப் பள்ளிகளில் வைத்த ‘மாணவர் மனசு’ பெட்டி இருக்கிறது. இன்னொரு ஆபத்து, நல்லெண்ணம் உள்ளவர்களிடமிருந்தே வருகிறது. பள்ளிச் சீருடையில் சிறுமியைப் பேசவைத்து, பெயரோடு வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறார்கள். வீடியோ எடுத்தவர் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். மறுநாள் அதே வகுப்பில் உட்கார வேண்டியவள் அவள். கேமரா முன் நிற்பது பெரியவர்கள் ஏற்க வேண்டிய பொறுப்பு.

பள்ளிக்குள் பதில் கிடைக்காவிட்டால் மேலே போக வழி இருக்கிறது. அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பது அவர்கள் கையில் இருப்பதால் நூலகத்தை அதில் எழுதவைக்க முடியும். அரசு உதவிபெறும் பள்ளியில் அந்தக் குழு ஆலோசனைதான் சொல்ல முடியும். அடுத்து வட்டாரக் கல்வி அலுவலருக்கு மனு கொடுக்கலாம். சட்டத்தின் 32ஆவது பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்தால் 3 மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். அரசுப் பள்ளி என்றால் ₹10 கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு, இருப்புப் பதிவேட்டின் நகலையும் வழங்கல் பதிவேட்டின் நகலையும் அம்மாவோ அப்பாவோ கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். பேசிப் பார்க்காமல் முதலிலேயே இதைக் கையிலெடுத்தால் உறவு கெட்டுவிடும்.

சட்டத்தில் ஓர் ஓட்டையும் உண்டு. கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான் பேசுகிறது. நூலகத்துக்காக எழுதப் பழகிய சிறுமி ஒன்பதாம் வகுப்புக்குப் போனதும் அந்த அட்டவணையைக் காட்டிக் கேட்க முடியாது. நூலகப் பாடவேளையையும் வீட்டுக்குப் புத்தகம் தருவதையும் பன்னிரண்டாம் வகுப்பு வரை மாநில அரசு தன் விதியாகவே எழுதிவைக்க வேண்டும். இந்தக் கோரிக்கையைப் பெற்றோர் ஆசிரியர் கழகங்கள் எழுப்ப வேண்டும். இதையும் பிள்ளைகளே கேட்கட்டும் என்று விட்டுவிடக் கூடாது.